சாட்சிக்கரி

நான் குடியிருந்த மாடிக்கு நேர் கீழே தையல் எந்திரம். காலையில் நான் அச்சகத்துக்குக் கிளம்பும்போது அது ஓடத் தொடங்கியிருக்கும். பகலெல்லாம் அச்சுப்பிழை பார்த்த கண்ணெரிச்சலோடு மாலையில் திரும்பும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நடுவே நிற்பதும் உண்டு. நூல் அறுந்து நிற்பதற்கும் பாபின் மாற்ற நிற்பதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். இரண்டிலும் சேராத ஒரு நிற்றல் இருந்தது. அப்போது படியில் இறங்கிக்கொண்டே எட்டிப் பார்த்தால், தையல்காரம்மா துணியை அழுத்திய கையை எடுக்காமல் பின்பக்க ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கும்படியாக அங்கே ஒன்றும் கிடையாது. துவைக்கும் தொட்டி, ஒரு கொய்யா மரம், முள்கம்பி வேலி, வேலி திரும்பும் மூலையில் முழங்கால் உயரக் கல் ஒன்று.

அவருடைய வீட்டுக்காரர் லேத்துப் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர். தெருவில் அவருக்குக் கல்லுக்காரர் என்று பெயர். வருஷம் தவறாமல் அந்த மூலைக்கல்லுக்கு வெள்ளையடிப்பார். பந்து பொறுக்க வரும் பிள்ளைகள் அதன்மேல் கால் வைத்தால் அதட்டுவார். வேலிக்கு அந்தப் பக்கத்து இடம் பேக்கரிக்காரருடையது; பெயர் வைத்தவரும் அவர்தான். "அந்தாளு செத்தா கூட கல்லைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் சாவாரு" என்று அடுப்படியில் நின்று சொல்லிச் சிரிப்பார். கல்லுக்காரர் காதில் அது விழாமல் இருந்திருக்காது. ஆனாலும் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னவரில்லை.

ஒரு மழைநாளில் தையல்காரம்மா குடையை எடுத்துக்கொண்டு போய்க் கல்லுக்கு மேல் பிடித்தபடி நின்றதை மாடியிலிருந்து பார்த்தேன். அவர் முதுகு முழுக்க நனைந்துகொண்டிருந்தது. புதுச் சுண்ணாம்பு கரையக் கூடாது என்று நிற்கிறார் போலும் என எண்ணிக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்து மண் இறுகத் தொடங்கியதும், பேக்கரிக்காரர் தகரக் கொட்டகையைப் பிரித்துவிட்டு இரண்டு மாடி எழுப்பப் போகிறார் என்று செய்தி வந்தது. செய்திக்குப் பின்னாலேயே சர்வேயரும் வந்தார். வெயிலில் கறுத்த நடுவயதுக்காரர், தொப்பி, கழுத்தில் துண்டு. மூன்று காலில் நிற்கும் கருவியை அவர் குனிந்து பார்ப்பார். எதிரே கண்ணாடி பொருத்திய கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருடைய ஆள். நரைத்த மீசையும் நெடிய கால்களும் உள்ள அந்த மனிதர், ஒரு காலை மடக்கி இன்னொரு காலில் சாய்ந்தே நிற்பார். அவரைக் கொக்கு என்றுதான் சர்வேயர் கூப்பிட்டார். அவரும் அதற்குத்தான் திரும்பினார்.

அன்று எனக்கு விடுமுறை. வேலியோரம் வேடிக்கை பார்க்க நின்றேன்.

"ஒரு தடவை அளந்தா போதாதா சார்? டாக்டர் மாதிரி டெஸ்ட் மேல டெஸ்டா எழுதித் தர்றீங்க" என்றார் பேக்கரிக்காரர். தட்டில் எல்லோருக்கும் சூடான பன் கொண்டுவந்திருந்தார்.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேலைங்க" என்றார் சர்வேயர். "இன்னிக்குப் பண்றது எல்லை. உங்க இடம் எதுவரைக்கும்னு இது சொல்லும். அடுத்தது மேடு பள்ளம். மழை பேஞ்சா தண்ணி உங்க அடுப்புக்குள்ள போகுமா, ரோட்டுக்குப் போகுமான்னு அதுல தெரியும். அப்புறம் கட்டடத்துக்குக் குறி போடணும். ஒவ்வொரு தூணுக்கும் முளை அடிச்சு, இங்கதான் குழின்னு காட்டிடுவோம். கட்டி முடிச்சதும் சொன்ன இடத்துலதான் கட்டியிருக்கீங்களான்னு இன்னொரு தடவை."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

"இல்லாட்டி உங்களை அளக்க வேற ஆளு வருவாரு. அது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல."

கொக்கு வாயில் பன்னை வைத்துக்கொண்டு சிரித்ததில் கோல் ஆடியது. "ஆட்டாதய்யா" என்று சர்வேயர் கையை உயர்த்தினார்.

ரோட்டோரத்துக் கல்லில் தொடங்கி, பேக்கரியின் பக்கவாட்டாக அளந்துகொண்டு பின்மூலைக்கு வந்து சேர்ந்தார்கள். சர்வேயர் பழைய வரைபடத்தை விரித்து, கருவியில் பார்த்து, மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். பிறகு கொக்குவைக் கை காட்டி நகர்த்தினார். இடது. இன்னும் இடது. வேலியைத் தாண்டி எங்கள் பக்கமாக, கல்லிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் கோல் நின்றது. அங்கே ஒரு முளையை அடித்தார்கள்.

"கணக்குப்படி மூலை இங்க வரணும்" என்றார் சர்வேயர். "கல்லு பேக்கரி இடத்துக்குள்ள போய் நிக்குது."

கல்லுக்காரர் தொட்டியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கணக்கு எனக்குத் தெரியாதுங்க. நாங்க இந்த வீட்டுக்கு வரும்போதே கல்லு அங்கதான் இருந்துச்சு. எல்லைக்கல்லு அது."

உள்ளே தையல் எந்திரம் நின்றது. ஜன்னலில் தையல்காரம்மாவின் முகம் தெரிந்தது. அவர் கணவரைப் பார்த்த பார்வையில் நன்றி மாதிரி ஏதோ இருந்தது. எனக்கு அது விளங்கவில்லை.

"அண்ணே, கல்லுக்குக் கால் முளைச்சா யார் பக்கம் நடக்கும்னு இப்பத்தான் தெரியுது" என்றார் பேக்கரிக்காரர். "வருஷா வருஷம் வெள்ளையடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா தள்ளினீங்களா?"

"நான் தள்ளல."

"அப்போ பேய் தள்ளிச்சா? என் மூலைத்தூண் சரியா அந்தக் கல்லு மேலதான் வருது. ஆள் உயரத்துக்குக் குழி வெட்டணும். நான் என்ன பண்றது சொல்லுங்க."

சர்வேயர் நடுவே புகுந்தார். "சண்டை வேண்டாம். வரைபடத்துல இந்த மூலையில கல்லு இருக்கு. அது இதே கல்லான்னுதான் கேள்வி. அதுக்கு வழி இருக்கு. அந்தக் காலத்து ஆளுங்க எல்லைக்கல் நட்டா அடியில சாட்சி போட்டுத்தான் நடுவாங்க."

"சாட்சியா?"

"கரித்துண்டு, உடைஞ்ச ஓடு. கரி மக்காது. எவனாவது கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டாலும் கரியைத் தூக்கிட்டுப் போக அவனுக்குத் தோணாது. நாளைக்குக் காலையில கல்லை எடுத்து அடியில பார்ப்போம். கரி இருந்தா கல்லு சொல்றது நிஜம். இல்லாட்டி என் முளை சொல்றது நிஜம்."

"தோண்டக் கூடாது" என்றார் கல்லுக்காரர். குரல் உயரவில்லை. ஆனால் கையிலிருந்த குவளை நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அதை எடுக்காமலே உள்ளே போய்விட்டார்.

"பாத்தீங்களா, மடியில கனம்" என்று பேக்கரிக்காரர் என்னிடம் கண்ணைக் காட்டினார்.

வெயில் ஏறியதும் வேலை ஓடவில்லை. தரையிலிருந்து கிளம்பிய சூட்டில் எதிரே உள்ளதெல்லாம் கருவிக்குள் நெளிகிறது என்று சர்வேயர் அதை மடக்கத் தொடங்கினார். அப்போது தையல்காரம்மா தேநீரோடு வந்தார். கருவியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதுல நான் பார்க்கலாமா?" என்று கேட்டார். சர்வேயர் அதைக் கல்லை நோக்கித் திருப்பிக் கொடுத்தார். தையல்காரம்மா ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். நெடுநேரம் நிமிரவே இல்லை.

"மூச்சு விடுது" என்றார்.

"எதும்மா?"

"கல்லு. மேலயும் கீழயும் அசையுது பாருங்க."

"தரைச்சூடும்மா. காத்து நெளியுது, அவ்வளவுதான். காலையில பார்த்தா ஆடாம நிக்கும்."

அவர் தலையாட்டினார். ஆனால் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போகும்போது, கல்லுக்குப் பக்கத்தில் அடியை மெதுவாக எடுத்து வைத்து நடந்தார், தூங்குகிறவர்களைத் தாண்டிப் போவது போல.

மாலையில் கொடியிலிருந்து சட்டையை எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் மாடிக்கு வந்தார். வழக்கமாக வாடகை கேட்கக்கூட மேலே வராதவர். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நீங்க நாலு விஷயம் படிக்கிறவங்க. மண்ணுக்குள்ள எலும்பு எத்தனை காலத்துக்கு இருக்கும்?"

"எந்த எலும்பும்மா?"

"சின்ன எலும்பு. ரொம்பச் சின்னது."

அப்புறம் அவராகவே சொன்னார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு பையன் பிறந்தான். ஒரு பகல் இருந்தான். பிரசவத்தில் அவருக்கு நினைவு தப்பி, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தார். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அழுதானாம். அவர் கேட்டிருக்காரு. நான் கேட்கல. வீட்டுக்கு வந்ததும், எங்கன்னு கேட்டேன். பின்பக்கம் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. எங்கயோ கொண்டுபோய்ப் போட மனசு வரல, நம்மளோடயே இருக்கட்டும்னு கொண்டாந்து வெச்சேன், அடையாளத்துக்குக் கல்லு நட்டேன்னாரு. அப்போ இந்த வேலி ஒண்ணும் கிடையாது. ஒரே புதரு. வேலி போட வந்தவங்க கல்லைப் பார்த்துட்டு அதையே எல்லைன்னு எடுத்துக்கிட்டாங்க. நாங்களும் வாயைத் திறக்கல."

கீழே பேக்கரியில் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"மண்ணாசை புடிச்சவருன்னு தெருவே சொல்லுது. எனக்காகத்தான் பொய் சொல்லிக்கிட்டு, அத்தனையும் வாங்கிக் கட்டிக்கிறாரு. பாவம் தம்பி அந்த மனுஷன்." கீழே கல்லைப் பார்த்தார். "கடப்பாரை போட்டு அவங்க தோண்டறதைப் பார்த்துக்கிட்டு என்னால இருக்க முடியாது. நாளைக்கு நானே சொல்லிடப் போறேன். நிலம் போனா போகட்டும். நானே எடுத்து இந்தப் பக்கமா வெச்சுக்கிறேன். கொய்யா மரத்தடியில நிழல் இருக்கு."

மறுநாள் காலையில் பனி விலகாத வெளிச்சத்தில் சர்வேயரும் கொக்கும் கடப்பாரையோடு வந்தார்கள். பேக்கரிக்காரர் மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கல்லுக்காரர் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நான் எழுதிக் குடுத்துடறேன்" என்றார். "முளை இருக்கற இடமே எல்லைன்னு எழுதிக்குங்க. கையெழுத்துப் போடறேன். கல்லு மட்டும் இருக்கட்டும்."

"நேத்து அடம் பிடிச்சீங்க, இன்னிக்குத் தானம் பண்றீங்க" என்றார் பேக்கரிக்காரர். "கல்லு இருந்தா தூணை எங்கண்ணே நிறுத்தறது? உங்க தலையிலயா?"

தையல்காரம்மா துவைத்த புடவை கட்டியிருந்தார். கையில் செடிக்கு மண் கிளறும் சின்னக் கொத்தும், மடித்த வெள்ளைத் துணியும் இருந்தன.

"தம்பி, அவரைக் கேலி பண்ணாதீங்க" என்று பேக்கரிக்காரரிடம் சொன்னார். "அது எல்லைக்கல்லு இல்ல. எங்க பிள்ளை அங்க இருக்கான். பொறந்த அன்னிக்கே போயிட்டான்."

பேக்கரிக்காரர் காலிலிருந்து செருப்பைக் கழற்றினார். என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா. கல்லுன்னு நினைச்சு என்னென்னவோ பேசியிருக்கேன்."

"கல்லுன்னுதானே எல்லாரும் நினைச்சாங்க."

சர்வேயர் தொப்பியை எடுத்திருந்தார். "அப்போ தோண்டவே வேண்டாம்மா. நீங்க சொன்னதே போதும்."

"குழி வெட்டத்தானே போறாங்க. அதுக்கு முன்னால நானே எடுத்துக்கிறேன். வேற யாரும் கை வைக்க வேண்டாம். கல்லை மட்டும் சாய்ச்சுக் குடுங்க."

"வேண்டாம்" என்றார் கல்லுக்காரர். "நான் சொல்றேன்ல. வேண்டாம்."

"என்னங்க, எத்தனை காலம் நீங்களே சுமப்பீங்க? தள்ளிக்கோங்க." அவர் தோளைத் தொட்டு, பிள்ளையை ஒதுக்குவது போல ஒதுக்கினார். கல்லுக்காரர் இரண்டடி நகர்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொக்கு கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கல் அசைந்து, ஈர மண்ணோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தையல்காரம்மா மண்டியிட்டு, துணியைப் பக்கத்தில் விரித்துவிட்டு, கொத்தால் மண்ணைச் சுரண்டி எடுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பிடியையும் விரலால் உதிர்த்துப் பார்த்த பிறகுதான் போட்டார். வேலியில் ஒரு அணில் கத்திக்கொண்டே இருந்தது.

கொத்து எதிலோ பட்டு மெல்ல நெறுநெறுத்தது. அவர் கொத்தைப் போட்டுவிட்டு விரல்களால் தடவினார். கறுப்பாக ஒரு துண்டு வந்தது. பிறகு இன்னொன்று. அவற்றோடு சிவப்பாக உடைந்த ஓட்டுச் சில்லு.

சர்வேயர் பாய்ந்து குனிந்தார். இத்தனை காலம் அந்த வேலையில் ஊறியவர். கண்ட மாத்திரத்தில் அவருக்கு வேறெதுவும் நினைவில்லாமல் போய்விட்டது.

"சாட்சி" என்றார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "கரியும் ஓடும் போட்ட மாதிரியே இருக்கு பாருங்க. கீழ உள்ள மண்ணைப் பாருங்க, யாருமே தொடாத இறுகின மண்ணு. கல்லு சரியான கல்லுதாம்மா. ரோட்டோரக் கல்லைத்தான் சாக்கடை கட்டினப்போ நகர்த்தியிருக்கணும். அதுல ஆரம்பிச்சதுதான் தப்பு. இடம் உங்களோடதுதான்…"

பேச்சு பாதியில் நின்றது. கொக்கு அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்திருந்தார்.

தையல்காரம்மா நிமிரவில்லை. கரியை எடுத்துத் துணியின் ஓரத்தில் வைத்தார். கொத்தை எடுத்து மறுபடி குத்தினார். இறுகிய மண்ணில் அது தெறித்தது. மறுபடி குத்தினார். கொத்தின் முனை மடங்கியது. நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் குத்தினார்.

"அங்க இல்லம்மா" என்றார் கல்லுக்காரர்.

அவர் குத்திக்கொண்டேயிருந்தார்.

"அங்க இல்ல. நான் வைக்கல."

கொத்து நின்றது.

"ஆஸ்பத்திரியில துணியில சுத்திக் குடுத்தாங்க. வராந்தாவுல மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உள்ள நீ பிழைப்பியா மாட்டியான்னு தெரியல. யாரோ ஒருத்தர் வந்து, குடுய்யா, நாங்க பார்த்துக்கிறோம், நீ உன் பொண்டாட்டியைப் பாருன்னாரு. குடுத்துட்டேன்." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எங்கன்னு கேட்கல. கேட்கணும்னு தோணல எனக்கு. நீ வீட்டுக்கு வந்து எங்கன்னு கேட்ட பாரு, அப்பத்தான் நான் கேட்கலேன்னே எனக்குத் தெரிஞ்சுது. நீ என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்ன. புதருக்குள்ள அந்தக் கல்லு தெரிஞ்சுது. கையைக் காட்டிட்டேன்."

தையல்காரம்மா மண்டியிட்டபடியே அவரைத் திரும்பிப் பார்த்தார். அழுவார், அல்லது அடிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் மெல்லக் கேட்டார்:

"அழுதான்னு சொன்னீங்களே. அதுவாவது நிஜமா?"

"நிஜம். அது நிஜம்."

அவர் எழுந்து, துணியைக் கரியும் மண்ணும் போக உதறி மடித்து, உள்ளே போனார். பேக்கரிக்காரர் குனிந்து, எங்கள் பக்கம் அடித்திருந்த சர்வேயரின் முளையைத் தன் கையாலேயே ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். "தூணை நான் தள்ளிப் போட்டுக்கிறேன் சார்" என்றார். கொக்கு கரித்துண்டுகளைத் திரும்பக் குழியில் போட்டுக் கல்லை நிமிர்த்தி மண்ணை மிதித்தார். நிலம் ஒரு விரற்கடை குறையாமல் அந்த வீட்டுக்கே நின்றது. அதைப் பற்றிச் சந்தோஷப்பட அங்கே ஆளில்லை.

அதற்குப் பிறகு சில நாட்கள் தையல் எந்திரம் ஓடவில்லை. ஓடத் தொடங்கியபோது நிற்காமல் ஓடியது. எந்திரத்தைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். இப்போது அது தெருவைப் பார்த்திருந்தது. கல்லுக்காரர் முன்னறையில் தனியாகப் படுத்தார். வேளைக்குச் சோறு மூடி வைக்கப்பட்டிருந்தது, பேச்சு மட்டும் இல்லை. பேக்கரிக்காரர் தினமும் காலையில் ஒரு ரொட்டியை வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போனார்.

ஒரு காலையில் நான் படியிறங்கும்போது தையல்காரம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வர்றீங்களா? அங்க கேட்டுப் பேச ஆள் வேணும். இவருக்குக் கேட்க வராது."

வாசலில் கல்லுக்காரர் தேய்த்த சட்டையோடு நின்றிருந்தார். பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். நடுவில் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது.

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கேட்டேன். அவ்வளவு பழைய காலத்து விவரம் எதுவும் இல்லை என்றார்கள். வெளியே வந்தபோது வாயிற்காவலர், நாங்கள் கேட்டதைக் காதில் வாங்கியிருந்தவர், எழுந்து பக்கத்தில் வந்தார். "அந்தக் காலத்துல யாரும் எடுத்துட்டுப் போகாத பிள்ளைங்களைப் பின்பக்க நிலத்துலதான் வெப்பாங்கன்னு எங்கப்பா சொல்வாரு" என்றார். "அவரும் இங்கதான் வேலை பார்த்தாரு. போய்ப் பாருங்க. ஆனா இப்போ அங்க புதுக் கட்டடம் வருது."

"எடுத்துட்டுப் போகாத பிள்ளைங்க" என்று தையல்காரம்மா தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பின்பக்கம் புதரெல்லாம் வெட்டிச் சமப்படுத்திய பெரிய செம்மண் வெளி. அதில் வரிசை வரிசையாக முளைகள், ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நாடா. முளைக்கு முளை சுண்ணாம்புக் கோடு இழுத்திருந்தது. தூரத்தில் வேறொரு சர்வேயர் கருவிக்குள் குனிந்து, எதிரே கோல் பிடித்தவரைக் கையால் நகர்த்திக்கொண்டிருந்தார். ஓரத்தில் மண் வெட்டும் எந்திரம் எங்களைப் பார்த்தபடி நின்றது. காற்றில் நாடாக்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படபடத்தன.

இருவரும் சுண்ணாம்புக் கோட்டுக்கு இப்பால் நின்றார்கள். தையல்காரம்மா அந்த வெளியை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். முடித்துவிட்டு மறுபடி தொடக்கத்திலிருந்து பார்த்தார். பார்வை எங்கும் தங்கவில்லை. முகம் திறந்தபடி இருந்தது, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பவர் முகம் போல.

கல்லுக்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு வெளியின் கோடியில், வெட்டாமல் விட்டிருந்த ஒற்றை மரத்தைப் பார்த்தார். அவருடைய வலது கை தொடையை விட்டு மெதுவாக எழுந்தது.

தையல்காரம்மா அந்த மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார். விடாமல் பிடித்துக்கொண்டார்.

"காட்டாதீங்க" என்றார். "நீங்க காட்டினா நான் நம்பிடுவேன்."